நீலாவதியின் குரல் நன்றாக வந்த விதம்

தம்பி விஜயன் அவர்களுக்கு,

குரல் நன்றாக வருவதற்கு மிக்சர் பாதிக் காரணம்கூட இல்லை. பாடுகிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்க வேண்டும். இரண்டு விரலாகக் குறைந்தால் மூச்சு முட்டி மோதும். எட்டு விரலாக விலகினால் பக்கத்துத் தபேலாவும் கூட்டத்தில் அழுகிற பிள்ளையும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். இதைச் சரி செய்யாமல் மிக்சரில் எதைத் திருகினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தாவில் நடந்த கல்யாணத்தில் உங்கள் புது மிக்சரைக் காட்டினீர்கள். ஜப்பான்காரன் செய்தது, டிஜிட்டல், ஒரு பட்டனைத் தட்டினால் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர்கள் தாமாக நகர்ந்து நேற்று நாம் வைத்த இடத்திலேயே போய் நிற்கின்றன. எனக்கு அதைப் பார்க்க நன்றாக இல்லை. கை எங்கே இருந்தது என்பதை ஒரு சாமான் ஞாபகம் வைத்திருப்பது நல்லதல்ல என்று பட்டது.

"எல்லாம் சரிண்ணே, கொரலு மட்டும் தகரத்துல பேசற மாதிரி இருக்குலா" என்றீர்கள். பார்த்தேன். உள்ளே வருகிற சத்தத்தைக் குறைத்தேன், நீங்கள் தாறுமாறாக ஏற்றி வைத்திருந்த மேல் சத்தத்தை இறக்கினேன், எக்கோவைப் பாதியாக்கினேன். பாட வந்திருந்த பெண் பாடியபோது சமையல்காரர்கள்கூட வெளியே வந்து கேட்டார்கள். நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். பிறகு வெற்றிலை மடித்துக்கொண்டே, அதே குரலில், இன்னொன்று கேட்டீர்கள்.

"அன்னிக்குத் திருவிழாவுல அக்கா மைக்க இடுப்புகிட்ட வச்சிக்கிட்டுதான் பேசுச்சுன்னு வேலம்மாக்கா சொல்றாங்க. தவறுதலா தொறந்து கெடந்த மைக்குல, அவ்ளோ தூரத்துலேருந்து, ஒரு வார்த்த கொழம்பாம எப்படிண்ணே வந்துச்சு?"

"மலக் காத்து தம்பி, சத்தம் நல்லா ஏறும்" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள், ஆனால் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். நாலு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். போலீஸ் கேட்டபோது எனக்குப் பயமில்லை, அவர்களுக்கு மிக்சர் தெரியாது. மிக்சர் தெரிந்த ஒருவர் என்றாவது ஒருநாள் கேட்பார், அது நீங்களாகத்தான் இருக்கும் என்று, ஈப்போவில் நீங்கள் ஸ்பீக்கர் செட் வாங்கிய செய்தி வந்த அன்றே எனக்குத் தெரியும்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். இதை எழுதும்போதும் லயத்து வீட்டு வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

உங்கள் அக்கா நீலாவதி நல்ல பாடகி. பகலெல்லாம் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் வந்து நின்றாள் என்றால், களைப்பு முகத்தில் இருக்குமே தவிரக் குரலில் இருக்காது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன், கோயிலில் மைக் செட்டுக்காரன். பழைய செட்டில் அவள் குரலைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். தங்கத்தைத் தகரத்தில் பொதிந்தது போல இருக்கும். எண்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில் எஸ்டேட் கிளப் கணக்கில் கோயிலுக்கு ஆறு மைக் போடுகிற மிக்சர் ஒன்று வந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவள் குரலுக்கு அடிச் சத்தத்தை வெட்டி, நடுச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி, எக்கோவைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். மலை மேல் கட்டியிருந்த இரண்டு ஹார்ன் ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றே ஒரு கேசட்டில் அவளுடைய ஐந்து பாட்டைப் பதிந்து வைத்தேன்.

மிக்சர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு ஐந்து குடும்பங்கள் எஸ்டேட்டை விட்டுப் போயிருந்தன. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரக் கழிவு என்று அளவில்லாமல் கழிக்கிறார்கள், இனிமேல் கழித்தால் ஒருநாள் யாரும் மலை ஏறக் கூடாது என்று பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் ரகசியமாக ஒரு கூட்டம் நடந்தது. ஐந்து பேர் முன்னால் நின்று பேசினார்கள். ஆறாம் நாள் சரியாக அந்த ஐந்து பேருக்கும் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது, இருபத்து நாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்யும்படி. ரெங்கசாமியின் மனைவி பாஞ்சாலைக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. சட்டி பானைகளுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் லோரியில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். லோரி திரிங்காப் பக்கம் இறங்கிப் பனியில் மறைந்த பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் தலைவர் முனியாண்டி மட்டும் பேசினார்.

"நம்மள்ல ஒருத்தன்தான் காட்டிக் குடுத்துருக்கான். யாருன்னு தெரிஞ்சா அவன் இந்த மலைய விட்டு நடந்து எறங்க மாட்டான்."

சொல்லும்போது என்னைப் பார்த்தார். அல்லது எல்லோரையும் பார்த்தார், எனக்கு மட்டும் அப்படிப் பட்டதோ என்னவோ. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி அமிர்தலிங்கத்தின் வீட்டு ரேடியோவைச் சரி பண்ண நான் மாதம் ஒருமுறை போவேன், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரமே காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கோயிலுக்கு நான் இழுத்திருந்த வயரை யாரோ மூன்று இடத்தில் வெட்டினார்கள். என் மனைவி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. நாலு மாதம் நான் சோறு சரியாகத் தின்னவில்லை. தொழிற்சாலையில் ஏணி மேல் நிற்கும்போது கீழே யாராவது வந்தால், ஏணியை உருவிவிடுவார்களோ என்று இறங்கிவிடுவேன்.

மே மாதம் அம்மன் திருவிழா. மத்தியானப் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. நாலு லயத்து ஜனமும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. நீலாவதி நாலு பாட்டுப் பாடிவிட்டு, பக்கவாத்தியக்காரர்கள் சாப்பிடப் போகவும், படுதாவுக்குப் பின்னால் போனாள். மைக்கையும் கையோடு கொண்டுபோனாள். அது அவள் பழக்கம், நான் சொன்னாலும் கேட்க மாட்டாள். அவள் ஃபேடரை நான் இறக்கிவிட்டேன், வெளியே ஒன்றும் கேட்காது. ஆனால் இறக்கி வைத்த மைக்கையும் ஹெட்போனில் மட்டும் தனியாகக் கேட்க அந்த மிக்சரில் வழி இருந்தது. வயர் கரகரக்கிறதா என்று பார்க்க நான் ஹெட்போனைப் போட்டிருந்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். தோழி வேலம்மாவின் குரலும் கேட்டது.

"என்னாடி ஆச்சு? நல்ல நாளும் அதுவுமா."

"பாஞ்சாலக்காவுக்குப் பிள்ள செத்துப் பொறந்துருச்சாம்லா. எனக்கு மனசே ஆறல. ஒனக்கு ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

இந்த இடத்தில்தான் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தவறுதலாகத் திறந்த மைக்கில் குரல் அப்படி வராது, நீங்கள் நினைத்தது சரி. இடுப்பருகில் பிடித்த மைக்கில் புடவை உரசுகிற சத்தம்தான் முதலில் வரும். என்ன சொல்லப் போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாலு மாதத்தில் ரகசியம் என்று எதைக் கேட்டாலும் என் கை சும்மா இருக்காது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே வருகிற சத்தத்தை ஏற்றினேன். புடவைச் சத்தம் போக அடியை முழுக்க வெட்டினேன். எக்கோவை மூடினேன். மெல்லப் பேசுகிற பேச்சு தூரத்துக்குப் புரிய வேண்டுமென்றால் நடுச் சத்தம் வேண்டும், அதைத் தூக்கினேன். முதலில் ஹெட்போனில் எனக்காக மட்டும்தான் இதெல்லாம் செய்தேன்.

"அன்னிக்கு கிராணி வீட்டுக்கு" என்று ஆரம்பித்தாள். ஃபேடரை மேலே தள்ளினேன்.

"நாந்தான் போனேன். அந்த அஞ்சு பேரு பேரயும் ஒண்ணொண்ணா நாந்தான் சொன்னேன்."

பிறகு ஒரு விம்மல். விம்மலில் ஃபேடரை இறக்கினேன்.

இலை முன்னால் இருந்த முந்நூறு பேரில் ஒருவருடைய கையும் வாய்க்குப் போகவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் ஊற்றிக்கொண்டே நின்றான். என் மார்பிலிருந்து ஒரு பாறையை எடுத்தது போல இருந்தது, அதை உங்களிடம் நான் மறைக்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அன்று எனக்குப் பசித்தது.

ஹெட்போனில் அவள் பேச்சு தொடர்ந்தது. ஹார்ன் இரண்டும் மலை மேலிருந்து பந்திப் பக்கம் பார்த்திருந்தன, அழுகையில் தன் குரல் வெளியே போனதை அவள் கவனிக்கவில்லை. அதைக் கேட்டது வேலம்மாவும் நானும் மட்டும்தான். "சொல்லி, இந்த அஞ்சு வீட்டயும் விட்டுருங்க சார், வேணும்னா என் வீட்ட எடுத்துக்குங்கன்னு கால்ல விழுந்தேன். நோட்டீஸ் வந்தப்பறம் பாஞ்சாலக்காதான் போயிட்டு வாடின்னுச்சு. வயசுப் பொண்ணு கிராணி வீட்டுக்குத் தனியா போனான்னு பேச்சு வரும்னு யாருகிட்டயும் சொல்லல. போயும் ஒண்ணும் நடக்கல."

அப்படி ஏதாவது ஒன்றுதான் அடுத்து வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் விம்மலிலேயே இறக்கினேன். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நீலாவதி காட்டிக் கொடுக்கவில்லை என்பது அவளைத் தவிர அந்த எஸ்டேட்டில் இரண்டே பேருக்கு நிச்சயமாகத் தெரியும். ஒருவர் கிராணி.

ஜனவரியில் ரேடியோ பார்க்கப் போனபோது அவர் எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். "ஆயாக்கொட்டகைக்கு பல்ப்பு மாட்டப் போனியே செல்லையா, யார் யாரு பேசுனாங்க?" என்றார். எனக்குப் பயமாக இருந்தது, சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு, "கோயில் செட்டு சரியில்லன்னு சொல்றாங்களே, என்னா வேணும்?" என்றார். நான் அதற்காகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவர் கேட்டார், இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். மிக்சர் வந்ததும் அதில் முதலில் போட்டது உங்கள் அக்காவின் குரலைத்தான். எனக்கென்று நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

யாரும் அவள் மேல் கை வைக்கவில்லை. எங்கள் ஜனம் அப்படிச் செய்யாது. பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். நெருப்பு கேட்டால் கொடுக்கவில்லை, கூடையைத் தூக்கித் தலையில் மாட்டக் கை கொடுக்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிற நிரையைக் கங்காணி மாற்றி, கோயிலுக்குப் பின்னால் பள்ளத்தை ஒட்டிய கடைசி நிரையைக் கொடுத்தார், மற்றப் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் பறிக்க மாட்டோம் என்றதால். வேலம்மா வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். ஊரே காதால் கேட்டதற்கு மேல் ஒருத்தி சொல்வது எடுபடுமா? "ஒன்னயும் ஒதுக்கணுமா?" என்று கேட்டார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், வாயை மூடிக்கொண்டாள்.

நான் நினைத்தேன், அவள் ஈப்போவுக்கு உங்களிடம் வந்துவிடுவாள், காரியம் அதோடு முடியும் என்று. அவள் வரவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல, நான் ஏன் போவணும்?" என்று முனியாண்டியின் வாசலில் நின்று கேட்டாளாம். அந்தக் கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பஞ்சாயத்து, நீலாவதி பேசலாம் என்றார். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பாஞ்சாலையையும் கூட்டி வர ஆள் போயிற்று. பாஞ்சாலை வந்தால் தீர்ந்தது. கிராணி வீட்டுக்கு அவளை அனுப்பியதே நான்தான் என்பாள். அடுத்த கேள்வி, அப்படியானால் பேர் சொன்னது யார் என்பது. அதற்கடுத்த கேள்வி, முன்னும் பின்னும் வெட்டி அந்த ஒரு துண்டை மட்டும் ஹார்னில் விட்டது யார் என்பது. நான் மறுபடி சோறு தின்பதை நிறுத்தினேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. இரண்டு மணிக்கு வேலையை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கடைசி நிரையில் இருந்தவள் இறங்கினாளா என்று யாரும் பார்க்கவில்லை, அவளைப் பார்ப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. மூன்றரைக்கு நான் ஆம்ப்ளிஃபயரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கோயிலுக்கு ஏறினேன். பின்பக்கப் பள்ளத்திலிருந்து சத்தம் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? கால் போச்சு, ரத்தம் நிக்கல, ஏற முடியல."

நான் விளிம்பு வரை போனேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்குக் காது இருக்கிறது. வலது பக்கம், நாற்பது அடி கீழே, முகம் மேலே பார்த்தபடி. ஒரு கயிறும் இரண்டு ஆளும் போதும். என் காலில் ஒரு கல் உருண்டது.

"செல்லையாண்ணே, நீங்களா? வெள்ளிக்கெழம நீங்கதான் வருவீங்க. அண்ணே."

நான் விளிம்பிலிருந்து பின்வாங்கினேன். அந்த இடத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நான் நுழைகிறேன், ஜனம் கூடுகிறது, ஒரு மாதக் கோபமும் இரக்கமாக மாறுகிறது, அவள் வாயைத் திறக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வரைகூடப் பொறுக்க வேண்டியதில்லை. நான் ஆம்ப்ளிஃபயர் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். யாராவது வந்துவிடுவார்களோ என்றும் நினைத்தேன்.

அவள் சவம் கிடைத்த மறுநாள் நீங்கள் வந்து நாலு லயத்தின் நடுவில் நின்று சபித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இந்தப் பள்ளத்துலேருந்து கூப்புட்டா நாலு லயத்துக்கும் கேக்கும். எல்லாரும் காதுல பஞ்ச வச்சிக்கிட்டுப் படுத்துக் கெடந்தீங்க." அன்றிலிருந்து நீங்கள் எங்கள் எஸ்டேட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. தங்களுக்கு உண்மையிலேயே கேட்டதா, கேட்டும் கேட்காதது போல இருந்தோமா என்று லயத்து ஜனங்களுக்கே இன்றுவரை சந்தேகம். முனியாண்டி அந்தச் சந்தேகத்தோடேயே செத்துப்போனார். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களை விட்டுவிடுங்கள். கேட்டிருந்தால் போயிருப்பார்கள், எவ்வளவு கோபம் இருந்தாலும் போயிருப்பார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை.

வழக்கமாக ஆறு மணிக்குத்தான் பாட்டுப் போடுவேன். அன்று மூன்றே முக்காலுக்குப் போட்டேன். எந்தக் கேசட்டையும் போட்டிருக்கலாம், ஆனால் வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் அதன் மேல் அவள் கூப்பிடுகிற குரல் தனியாகத் தெரிந்திருக்கும். அவள் குரலை மறைக்க அவள் குரல்தான் சரி. நான் பதிந்து வைத்த ஐந்து பாட்டையும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசப் போகிறாள், அதற்குள் ஜனங்களின் மனசு இளகட்டும் என்று போட்டேன் என்று பிறகு சொன்னேன். வேலம்மா அதற்காக என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். தன் வாசலில் நின்று கடைசிவரை கேட்டாளாம், இவ்வளவு நன்றாக அவள் குரல் என்றைக்கும் வந்ததில்லை என்றாள். அது உண்மைதான். அன்று நான் மிகக் கவனமாக வைத்தேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கேசட்டில் நாலைந்து விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் "அண்ணே" என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் எழுந்துபோய்க் கோயில் மணியை அடித்தேன். முதல் தடவை கேசட் ஓடியபோது ஐந்து முறை அடித்தேன். மறுபடி முதலிலிருந்து போட்டேன், அப்போதும் ஐந்து முறை. மூன்றாம் தடவை இரண்டு முறை அடித்தேன், அதற்கு மேல் அடிக்க வேண்டியிருக்கவில்லை.